ஞாயிறு நாலு மணிக்கு மாமா சுகம்

சந்தியாப்பிள்ளை இறந்து இருபதாவது ஞாயிற்றுக்கிழமை. அவருடைய நீலச் சேட்டை நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் மருமகள் அன்ரோனெற் காலைப் பூசைக்குப் புறப்பட்டாள். துளி அழுக்கில்லாத சேட். மூன்று கிழமைக்கு முன்னும் தோய்த்தது, அதற்கு மூன்று கிழமைக்கு முன்னும் தோய்த்தது. நீலம், வெள்ளை, கட்டம் போட்டது என்று மூன்று சேட்டுகள் முறை வைத்து ஞாயிறுதோறும் நனைந்து காய்ந்துகொண்டிருந்தன. போட்டுக்கொள்ள ஆள்தான் இல்லை.

பார்க்கிறவர்கள் அவளுக்கு விசர் என்று நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. காரணத்தைச் சொன்னால் இன்னும் பெரிய விசர்க்கதையாக இருக்கும். அவளுடைய கணவர் லோறன்ஸ் சரக்குக் கப்பலில் கப்டன். பிரேசிலில் இரும்புத் தாது ஏற்றிச் சீனாவில் இறக்கும் கப்பல். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வீடியோவில் எடுப்பார். குசினி மேசையில் சீனிப் போத்தலோடு சாய்த்து வைக்கும் போனுக்கு அன்ரோனெற்றின் முகமும், பின்கதவும், கதவுக்கு வெளியே கொடியும் தெரியும். கொடியில் அப்பாவின் சேட் தொங்கினால் அப்பா இருக்கிறார் என்று அர்த்தம். அந்த யோசனை மகள் கிருஷிகாவுடையது. உயர்தரம் படிக்கிற பிள்ளை, மூளை இருக்கிறது. அந்த மூளையை இதற்குப் பயன்படுத்த வைத்துவிட்டோமே என்று அன்ரோனெற் முதல் கிழமை வெட்கப்பட்டாள். பிறகு அந்த வெட்கமும் விட்டுப்போயிற்று.

தகப்பன் செத்ததை லோறன்சிடம் யாரும் சொல்லவில்லை. கடலில் நிற்கிறவனுக்குச் சாவு சொல்லக்கூடாது என்பது அந்தக் குடும்பத்துச் சட்டம். ஊர்ச் சட்டமில்லை, அந்த ஒரு குடும்பத்தின் சட்டம். சந்தியாப்பிள்ளையின் தமையன் ஒருவர் அந்தக் காலத்தில் வலை இழுத்துக்கொண்டு நின்றபோது, பக்கத்து வள்ளத்தில் வந்த ஒரு அறிவாளி, "உன்ரை பெடியன் செத்துப்போனான்" என்று கத்திச் சொன்னானாம். மனுசன் வலையையும் விட்டு, வள்ளத்தையும் விட்டு, நேரே தண்ணீரில் இறங்கிக் கரையை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டாராம், ஏதோ வீட்டு முற்றத்தில் நடக்கிறமாதிரி. அன்றைக்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டு பெட்டி போயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் கடலுக்குப் போயிருந்தாலும், செய்தி எதுவானாலும், வள்ளத்தைக் கரைக்கு ஏற்றி, காலில் மண் பட்டு, ஒரு மிடறு தண்ணீரும் குடித்த பிறகுதான் சொல்வார்கள். அது நாலைந்து மணித்தியாலக் காத்திருப்பு. ஏழெட்டு மாதம் கடலில் நிற்கிற ஒருத்தன் அந்த வீட்டில் பிறப்பான் என்று சட்டம் போட்டவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

சட்டத்தைத் தன் சாவுக்கும் போட்டுவிட்டுத்தான் சந்தியாப்பிள்ளை போனார். சாவதற்கு நாலு நாள் முன்பு, நினைவு தெளிவாக இருந்த ஒரு மத்தியானம், மருமகளையும் இளைய மகன் அன்ரனியையும் கட்டிலருகே கூப்பிட்டார்.

"லோறன்சுக்கு இப்ப ஒண்டும் சொல்லப்படாது. அவன்ரை கையிலை இருபத்திரண்டு சீவன். வந்து இறங்கட்டும்."

"ஓம் ஐயா," என்றான் அன்ரனி.

"நீ சொல்லு, பிள்ளை," என்று மருமகளைப் பார்த்தார்.

"ஓம் மாமா. சொல்லமாட்டன்."

அந்த நாட்களில் லோறன்சிடமிருந்து அழைப்பும் இல்லை. துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறோம், ஒரே அலைச்சல் என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார். மூன்று ஞாயிறு எடுக்கவில்லை. நாலாவது கிழமை, வைகாசி மாதத்து வியாழக்கிழமை காலை, கிழவர் போய்விட்டார். வெள்ளிக்கிழமை அடக்கம். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற சொந்தங்களுக்காக வீடியோக்காரன் நேரலை போட்டான். அன்ரனி ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியே போன் எடுத்து, "அண்ணருக்கு மட்டும் அனுப்பிப்போடாதையுங்கோ" என்று காதும் காதும் வைத்தாற்போல் சொன்னான். நாற்பது பேருக்குச் சொன்னான். நாற்பது பேர் காக்கும் இரகசியத்தை நம்புகிற அளவுக்கு அவன் நல்லவன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு லோறன்ஸ் எடுத்தார். அன்ரோனெற் முகத்தைக் கழுவி, பவுடர் பூசி, கறுப்புச் சட்டையைக் கழற்றிப் பூப்போட்ட சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள். "அப்பா எங்கை?" என்று அவர் கேட்டார். "படுத்திருக்கிறார்," என்றாள். கதை அவ்வளவுதான். சவப்பெட்டியைத் தூக்கும்போது தொண்டைக்குள் வந்து நின்ற அழுகை அந்தச் சொல்லோடு எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. பிறகு வரவில்லை. இரண்டு வருடம் அந்த மனுசனுக்குச் சவரம் செய்து, மீன் முள் எடுத்துச் சோறு பிசைந்து ஊட்டி, அவர் திட்டிய திட்டையும் வாங்கிக்கொண்டு, அவரைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்தவள் அவள். சொந்தத் தகப்பனைச் சிறு வயதில் இழந்தவளுக்கு அவர்தான் தகப்பன். அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வராததைப் பற்றிக் கவலையும் வரவில்லை. காலையில் எழும்பினாள், தபால் கந்தோருக்குப் போனாள், கடிதங்களுக்கு முத்திரை குத்தினாள், வந்து சமைத்தாள். சாப்பாட்டில் உப்பில்லை என்று கிருஷிகா சொன்னால் உப்புப் போட்டாள்.

கிழவர் உயிரோடு இருக்கும்போது போன் திரைக்கு முன்னால் ஒரு நாளும் வந்ததில்லை. "அந்தக் கண்ணாடிக்குள்ளை போய் நான் முகத்தைக் காட்டுறதோ" என்று கட்டிலில் இருந்தபடியே மகனுக்குக் குரல் மட்டும் கொடுப்பார். கடைசி மாதங்களில் அதுவும் இல்லை. ஆகையால் பொய் சொல்வது இலகுவாகத்தான் இருந்தது. படுத்திருக்கிறார். குளிக்கிறார். அன்ரனி வந்து மோட்டச்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தாழ்வுபாட்டுக் கரைக்குக் கூட்டிப்போய்விட்டான். நாள் போகப்போக மாமாவுக்குச் சுகமும் கூடிக்கொண்டே போயிற்று. ஆனியில் கால் நோவு குறைந்தது. ஆடியில் தடியை ஊன்றி வாசல் படலை வரைக்கும் நடந்தார். உயிரோடு இருந்தபோது கஞ்சிக்கு மேல் எதுவும் இறங்காத மனுசன், ஞாயிற்றுக்கிழமைகளில் புட்டும் மீன் சொதியும் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிருஷிகா தன் பங்குக்கு, "அப்பப்பா றிமோட்டைத் தாறேல்லை அப்பா, என்னோடை ஒரே சண்டை" என்பாள். லோறன்ஸ் திரையில் விழுந்து விழுந்து சிரிப்பார்.

"அவருக்கு டேர்பனிலை ஒரு சேட் வாங்கி வைச்சிருக்கிறன்," என்றார் ஒரு ஞாயிறு. "கழுத்து அளவு இன்னும் பதினாறு தானே?"

"ஓம், பதினாறுதான்," என்றாள் அன்ரோனெற்.

மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு அவர் வந்துவிட வேண்டும். அதற்கு முதல் கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அன்ரனி போவான், வழியில் எங்கேயாவது நிறுத்தித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, மண்ணில் நிற்கவைத்துச் சொல்வான் என்பது ஏற்பாடு. கல்லறைக்குக் கல் வைப்பதற்கும் மூத்தவன் வரட்டும் என்று விட்டு வைத்திருந்தார்கள். ஆனால் ஆடிக் கடைசியில் லோறன்ஸ் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்குப் பதிலா வாற ஆள் கிடைக்கேல்லையாம். கார்த்திகை வரைக்கும் நிக்கச் சொல்லுறாங்கள்" என்றார். அன்ரோனெற் சரி என்றாள். மூன்று மாதத்துச் சேட் தோய்ப்பு அதிகம், வேறென்ன. அன்ரனிக்குத்தான் ஆத்திரம். "அந்தக் கொம்பனிக்காரனுக்கு மனுசத்தன்மை இல்லை மச்சாள்" என்று திட்டிக்கொண்டு போனான்.

இதெல்லாம் இப்படி உப்புச் சப்பில்லாமல் போய்க்கொண்டிருக்க, அந்த இருபதாவது ஞாயிறு காலைப் பூசைக்கு அவர்கள் போனார்கள். பங்குக்குப் புதுச் சாமி வந்து மூன்று கிழமைதான். இளம் சாமி, ஊர் மனுசரை இன்னும் தெரியாது. பூசை தொடங்குமுன் கருத்துகளை வாசித்தார். யாருக்காக யார் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்று கொப்பியில் எழுதியிருப்பதை ஒவ்வொன்றாக வாசிப்பது எந்தக் கோயிலிலும் உள்ளதுதான். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக. நோயாளர் ஒருவருக்காக. பிறகு மூன்றாவதாக:

"இறந்த சந்தியாப்பிள்ளை அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மகன் கப்டன் லோறன்ஸ் ஒப்புக்கொடுக்கும் திருப்பலி."

முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். ஆண்கள் பக்கத்தில் அன்ரனியின் தலை சடாரென்று திரும்பியது. கிருஷிகா தாயின் கையைப் பிடித்தாள். அன்ரோனெற் பாட்டுக்கு எழும்பி நின்றாள், முழங்காலில் இருந்தாள், நற்கருணை நன்மை எடுத்தாள். எல்லாவற்றையும் உடம்பு தானாகச் செய்தது. அன்ரனி தமையனின் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டான் போலிருக்கிறது என்று ஒரு தரம் நினைத்தாள். கோயில் வாசலில் அவன் அவளுக்காகக் காத்திருந்த விதத்தைப் பார்த்ததும் அப்படியில்லை என்று விளங்கிவிட்டது.

"மச்சாள், அண்ணருக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"இல்லை."

"அப்ப எப்பிடி அவர் பூசை குடுத்தவர்? ஐயாவுக்குச் சத்தியம் பண்ணினியள். நானும் பக்கத்திலை நிண்டனான்."

சனம் கேட்டுக்கொண்டு நின்றது. அவன் குரலைத் தாழ்த்தவுமில்லை. "உங்களாலை வாயைப் பொத்திக்கொண்டு இருக்க ஏலாமல் போச்சு, என்ன?" என்றான். இருபது ஞாயிறு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவளிடம் அவன் அப்படிக் கேட்டதற்கு அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். இல்லை.

"நில்லு தம்பி, கேட்டுக்கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டு, பூசை உடுப்புகளை மடித்து வைக்கும் அறைக்குப் போனாள். கோயில் மூப்பர் மெழுகுதிரித் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வயதான மனுசன், முப்பது வருடம் அந்தக் கோயிலோடு கிடக்கிறவர். அவள் கேட்கமுன்னரே கொப்பியை எடுத்துவிட்டார்.

"பிள்ளை, இது பிழையா நடந்துபோச்சு. குடுத்த ஆளின்ரை பேர் வாசிக்கிறேல்லை எண்டு பழைய சாமிக்குத்தான் தெரியும். அவர் மாறிப் போகேக்கை இவருக்குச் சொல்ல மறந்திட்டார் போலை."

"ஆர் எழுதினது, மூப்பர்?"

"லோறன்ஸ் தம்பிதான். சாமி இருக்கிற மீசவீட்டுப் போனுக்குக் கப்பலிலை இருந்து எடுத்துச் சொன்னவர். மாசம் மாசம் ஒண்டு. இதோடை அஞ்சு."

"முதல் பூசை எப்ப?"

மூப்பர் எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார். வைகாசி. கிழவரின் எட்டாம் நாள். அன்றைக்குப் பூசையில் அவளும் இருந்தாள். "இறந்த சந்தியாப்பிள்ளைக்காக" என்று பழைய சாமி வாசித்ததைத் தான் கொடுத்த பூசை என்று நினைத்திருந்தாள். அந்த ஒரு பெயருக்குள் அவள் கொடுத்ததும் அவர் கொடுத்ததுமாக இரண்டு பூசை இருந்திருக்கிறது.

"பிள்ளை, உனக்குத் தெரியாதோ எண்டு நானும் சாமியட்டைக் கேட்டனான்," என்றார் மூப்பர். "அவர் வாயிலை விரலை வைச்சார். பிறகு நான் என்னத்தைக் கதைக்கிறது?"

வாசலுக்கு வந்து அன்ரனியிடம் அப்படியே சொன்னாள். எட்டாம் நாளிலிருந்தே அண்ணருக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. அன்ரனி முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினான். நம்பியதும் அவனுடைய முகம் கோணிப்போயிற்று. கோயில் சுவரோடு சாய்ந்து நின்று, கடலில் உரமேறிய இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "நாலு மணிக்கு நானும் வாறன் மச்சாள்" என்றான்.

"வேண்டாம் தம்பி. நான் கதைக்கிறன்."

வீட்டுக்கு வந்து சோறு போட்டாள். மீன் பொரித்தாள். எண்ணெய் கையில் தெறித்தது, சுட்டது, தண்ணீரில் பிடித்தாள். ஒவ்வொரு ஞாயிறையும் மனதில் எடுத்துப் பார்த்தாள். றிமோட் கதைக்கு அவர் சிரித்த சிரிப்பு. டேர்பன் சேட். கழுத்து அளவு. தெரிந்துகொண்டு கேட்ட மனுசனுக்கு, தெரியாது என்று நினைத்துப் பதில் சொன்னவள் அவள். விளையாடியிருக்கிறாரா? லோறன்ஸ் அப்படிப்பட்டவர் இல்லை. அவளுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கிருஷிகா பின்கதவடியில் நின்றுகொண்டு, "அம்மா, சேட்டை எடுத்திடவோ?" என்று கேட்டாள். "கிடக்கட்டும்" என்றாள். எடுப்பதும் விடுவதும் அவளுக்கு ஒன்றாகத்தான் இருந்தது.

நாலு மணிக்குப் போன் அடித்தது. திரையில் லோறன்ஸ். கப்பலறையின் மஞ்சள் திரைச்சீலை, தொப்பி அழுத்திய தடம் விழுந்த நெற்றி, பின்னால் எஞ்சினின் இரைச்சல். கிருஷிகாவின் சோதனை எப்போது என்று கேட்டார். கடல் அமைதியாக இருக்கிறதென்று சொன்னார். பிறகு வழக்கம்போல, சும்மா கேட்கிறவர் மாதிரி, "அப்பா எங்கை?" என்றார்.

"படுத்திருக்கிறார்" என்ற சொல் நாக்கில் தயாராக நின்றது. அவ்வளவு பழகிவிட்டது.

"காலமைப் பூசையிலை உங்கடை பேரை வாசிச்சவை," என்றாள்.

லோறன்ஸ் அசையவில்லை. இணையம் நின்றுபோய்விட்டதோ என்று அவள் திரையை உற்றுப் பார்த்தாள்.

"பேர் வாசிக்க வேண்டாமெண்டு சாமியட்டைச் சொன்னனான்," என்றார் கடைசியில். தகப்பன் செத்த கதையில் அந்த வீட்டுக் கப்டன் பெண்சாதியிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

"அந்தச் சாமி மாறிப் போயிட்டார்."

"ஓ."

"எப்ப தெரியும்?"

"அடக்கத்தண்டைக்கே. கனடா மாமியின்ரை பெடியன் ஒண்டும் எழுதாமல் லிங்கை மட்டும் அனுப்பினவன். மேலை, கப்பல் ஓட்டுற பிறிட்ஜிலை நிண்டு பார்த்தனான். பெட்டியைத் தூக்கேக்கை கட்டாயிட்டுது. திரும்ப வரேக்கை சனம் சோடா குடிச்சுக்கொண்டு நிண்டுது. அதைத்தான் பார்த்தன்."

"அப்ப ஏன் என்னட்டைக் கேட்டனீங்கள்? ஒவ்வொரு ஞாயிறும் ஏன் கேட்டனீங்கள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி இல்லாத முகம் தகப்பனின் முகம் மாதிரியே இருந்தது.

"முதல் ஞாயிறு நீ சொல்லுவாய் எண்டுதான் எடுத்தனான், அன்ரோ. கதவைப் பூட்டிப்போட்டு, துவாயையும் மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தனான், அழுறதுக்கு. நீ பவுடர் பூசிக்கொண்டு வந்து இருந்தாய். அப்பா எங்கை எண்டு கேட்டன். படுத்திருக்கிறார் எண்டாய். எனக்கு உடனை சுகமாப் போச்சு. ஆர் என்ன சொன்னாலும், படுத்திருக்கிறார் எண்டு நீ சொல்லிப்போட்டாய். அண்டைக்கு ரெண்டு நாளுக்குப் பிறகு நல்லாச் சாப்பிட்டன்."

அவள் போனைச் சீனிப் போத்தலோடு நேராக்கி வைத்தாள்.

"அடுத்த கிழமை புட்டுத் திண்டவர் எண்டாய். பிறகு நடந்தவர் எண்டாய். திங்கள் தொடங்கினா ஞாயிறு எப்ப வருமெண்டு பார்த்துக்கொண்டு இருப்பன். இந்த முறை அப்பா என்ன செய்திருப்பார் எண்டு."

"பதில் ஆள் கிடைக்கேல்லை எண்டது?"

"கிடைச்சவர். நான்தான் நிக்கிறன் எண்டனான்." அவர் கீழே பார்த்தார். "வந்து இறங்கினா என்ரை காலிலை மண் பட்டிடும்."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. காலையில் தேடியபோது கிடைக்காத கோபம். கால் விரலிலிருந்து கிளம்பி வந்ததுபோல் உடம்பு முழுக்கச் சூடாகியது. நல்லதாக இருந்தது அது. அவள் இவ்வளவு காலமும் எதையும் உணராமல் இருந்திருக்கிறாள் என்பதே அந்தச் சூட்டில்தான் தெரிந்தது.

"உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம்," என்றாள். "எனக்கு மற்ற ஆறு நாளும் அவரின்ரை வெறும் கட்டில். உங்களுக்குத் தெரியப்படாதெண்டு நான் ஒரு நாளும் அழேல்லை. கண் வீங்கினாக் கண்டிடுவியள் எண்டு. நீங்கள் அங்கை சிரிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்."

"தெரியும்."

"தம்பி கோயில் வாசலிலை வைச்சு என்னைக் கள்ளி மாதிரிக் கேட்டவன்."

"தெரியாது அன்ரோ. அவனுக்கு நான் எடுக்கிறன்." அவர் திரைக்குக் கிட்ட வந்தார். முகம் பெரிதாகிக் கண்கள் மட்டும் தெரிந்தன. "இன்னும் ஏழு ஞாயிறுதான். அதுக்குப் பிறகு வாறன், கல்லும் வைக்கிறன், எல்லாம் செய்யிறன். அதுவரைக்கும் நான் கேக்கிறன், நீ முந்தி மாதிரிச் சொல்லு. எனக்குத் தெரியும்தானே, பொய் எண்டு ஆகாது. ஏழே ஏழு."

பிறகு குரலை மாற்றி, பழைய ஞாயிற்றுக்கிழமைக் குரலில் கேட்டார். "அப்பா சாப்பிட்டவரோ?"

ஓம் என்றால் முடிந்துவிடும். இரும்புக் கப்பலுக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிற மனுசன், இருபத்திரண்டு பேருக்கு உத்தரவு போடுகிறவர், அவளிடம் கைநீட்டி ஒரு பிடி புட்டுக் கேட்கிறார். கொடுக்காமல் விடுவது பாவமாகத்தான் இருந்தது. அவருக்காக அவள் இரங்கினாள். ஆனால் இந்த ஓம் என்ற சொல்லைச் சொன்னால், திரும்பவும் பழைய மரத்த உடம்புக்குள் போக வேண்டும். அதற்குள் இனி அவளால் போக முடியாது.

"மாமா வைகாசியிலை, வியாழக்கிழமை காலமை ஆறரைக்கு மோசம் போயிட்டார்," என்றாள்.

"அன்ரோ."

"கேளுங்கோ. முதல் நாள் பின்னேரம் சவரம் எடுத்துவிட்டனான். கன்னத்திலை கொஞ்சம் வெட்டிப்போட்டுது, அதுக்கும் ஏசினவர். விடிய எழுப்பித் தேத்தண்ணி குடுத்தன். ரெண்டு மிடறு குடிச்சவர்."

"காணும், விடு அன்ரோ."

"காணாது. கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். மூச்சு விட்டு விட்டு வந்தது. கிருஷி செபம் சொன்னவள். பிறகு வரேல்லை. நானும் அன்ரனியும்தான் குளிப்பாட்டினது. கலியாணத்துக்குப் போட்ட வெள்ளை நாசனல் உடுப்பு இன்னும் அளவாத்தான் இருந்தது. மண் போட நீங்கள் இல்லை. அன்ரனி ரெண்டு தரம் போட்டவன், உங்கடை பங்கையும் சேர்த்து."

பேசப் பேசக் குரல் உடைந்தது. அவள் நிறுத்தவில்லை. மூக்கும் கண்ணும் ஒழுகிச் சட்டை நனைந்தது. கிருஷிகா கதவடியில் இருந்து வந்து தாயின் தோளைப் பிடித்தாள். அன்ரோனெற் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்: யார் யார் வந்தார்கள், என்ன பாட்டுப் படித்தார்கள், குழி தோண்டிய இடத்தில் கீழே ஈரமாக இருந்தது என்பதைக்கூட. லோறன்ஸ் போனை வைத்துவிட்டுப் போகவில்லை. இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, தண்டனை கேட்கிற பள்ளிப் பிள்ளைபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு அவர் கேட்டார். மூன்று ஞாயிறு எடுக்காத ஒருத்தன் கேட்க வேண்டிய கேள்வி. அதைத்தான் அவர் இருபது கிழமையும் கேட்காமல் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்.

"என்னைக் கேட்டவரோ?"

"கேட்டவர். அந்தத் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டுக் கேட்டவர், லோறன்ஸ் எடுத்தவனோ எண்டு."

"நீ என்ன சொன்னாய்?"

"ஓம் மாமா, எடுத்தவர், நீங்கள் அப்ப படுத்திருந்தனீங்கள், உங்களைச் சுகம் கேட்டவர் எண்டு சொன்னன்."



"நம்பினவரோ?"

அன்ரோனெற் முகத்தைத் துடைக்காமலே கணவரைப் பார்த்தாள்.

"உங்களைப் போலத்தான்," என்றாள்.